டீச்சரோட ரெண்டு சீட்டுக் காரும் கல்லான பிரேக்கும்

1. வியாழக்கெழமை

"மணியண்ணே, பிரேக்க மிதிச்சா கல்ல மிதிக்கிற மாதிரி இருக்கு. நேத்து ஒரு பஸ்ஸு பின்னாடி முத்தம் குடுக்கப் பாத்தேன்."

ராஜேஸ்வரி டீச்சர் என் ஒர்க்‌ஷாப்புல வந்து எறங்குனதும் சொன்ன மொத வார்த்தை இதான். என் கடை கிள்ளான்ல, காப்பார் போற ரோட்டோரம். டீச்சர் வீடு பிரிக்ஃபீல்ட்ஸ், கார்ல முக்கா மணி நேரம். அங்க மெக்கானிக் இல்லாமயா? ஆனா அவங்க பழைய கார இருவது வருசமா நாந்தான் பாத்தேன். வேற ஆளு கையில குடுக்க மாட்டாங்க.

பள்ளிக்கூடத்துக்கே பெரிய டீச்சரா, அதான் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டையர் ஆனாங்க. ஆன மறுமாசம் எனக்கு போன் போட்டு, "மணியண்ணே, கத்தக் கூடாது, நான் ஒரு கார் வாங்கிட்டேன்"னாங்க. போய்ப் பாத்தா செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார். செகப்பு. ரெண்டே சீட்டு. கூரைய மடக்கி வச்சா மேல வானந்தான். நான் கத்தல. சிரிச்சேன், அவ்ளோதான்.

அவங்களுக்கு ஒரு அண்ணன், சிவபாதம் ஐயா. கவர்மெண்டு ஆபீஸ்ல பெரிய உத்தியோகம் பாத்தவரு. யாழ்ப்பாணத்து ஆளுங்க, பேச்சே ஒரு தினுசா இருக்கும். அந்தக் கார்ல அவரு ஏறவே மாட்டாரு. தன்னோட கார்ல பின்னாடியே வருவாரு, போலீஸ் எஸ்கார்ட்டு மாதிரி. அன்னிக்கும் வந்து எறங்குனாரு.

"மணி, இது இவளுக்குச் சரிவராது. வித்துப்போடுறதுதான் நல்லது. பூச்சோங்கில இருந்து ஒருத்தன் வாங்கிறதுக்குச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு இங்கை வாறான்."

"அண்ணை, மணியண்ணே சரி பண்ணிட்டா?"

"பண்ணினா வச்சுக்கொள். இல்லையெண்டா சாவிய அவனிட்ட குடு."

டீச்சர் சரின்னு தலையாட்டுனாங்க. எனக்கு ரெண்டு நாள் டைம். ஐயா போறப்ப என் கையில ஒரு பேப்பரக் குடுத்தாரு. இங்கிலீஷ்ல டைப் அடிச்சு, நம்பர் போட்டு. நான் பள்ளிக்கூடம் பக்கம் போன ஆளு இல்ல. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். "ஓ, நல்லது ஐயா"ன்னு வாங்கி, டூல் பாக்ஸு அடியில வச்சுட்டேன்.

2. ரெண்டு நாளும் நான் செஞ்ச வேல

பிரேக் கல்லாச்சுன்னா மொதல்ல சர்வோவப் பாக்கணும். பானட்டு உள்ள கறுப்பா, உருண்டையா, பிஸ்கட் டின்னு மாதிரி ஒண்ணு இருக்கும். எஞ்சின் அதுலேருந்து காத்த உறிஞ்சி வச்சிரும். அதைத்தான் வேக்குவம்ங்கிறோம். நம்ம காலு லேசா அமுத்துனா அந்த வேக்குவம் மீதிய அமுத்திக் குடுக்கும். அது இல்லேன்னா பிரேக் புடிக்காதுன்னு இல்ல, புடிக்கும். ஆனா முழு பலமும் நம்ம காலுதான் குடுக்கணும்.

நான் மொத மொதல்ல, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏத்துற லோரில வேல பாத்தேன். அந்தக் கெழட்டு லோரிக்கு சர்வோ செத்து எத்தனை வருசமோ. பிரேக்குக்கு எந்திரிச்சு நிக்கணும். இன்னிக்கும் என் வலது கெண்டக்கால் எடதவிடப் பெருசு. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல ஒரு டைலர் அளவெடுக்கிறப்ப ரெண்டு தடவ டேப்ப வச்சுப் பாத்துட்டு, "அண்ணே, இது ஒரே ஆளோட காலுதானே?"ன்னு கேட்டான். எங்க விட்டேன்? ஆங், சர்வோ.

அதுக்கு டெஸ்ட்டு சுலபம். எஞ்சின் ஆஃப் பண்ணிட்டு அஞ்சாறு தடவ பிரேக்க மிதி. பெடல் கெட்டியாயிரும். மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணு. சர்வோ நல்லாருந்தா பெடல் தானா கொஞ்சம் கீழ எறங்கும். எறங்குச்சு, சமத்தா. கேஜ் போட்டுப் பாத்தேன், வேக்குவம் இருக்கு. சரின்னு ஓட்டிப் பாத்தேன். காப்பார் வரைக்கும் போயிட்டு, ஒவ்வொரு கடை முன்னாடியும் பிரேக் அடிச்சு அடிச்சு வந்தேன். மீன் விக்கிறவன், "அங்கிள், வாங்குறதுன்னா வாங்கு, இல்ல போ லா"ன்னு சத்தம் போட்டான். பிரேக்கு பஞ்சு மாதிரி புடிச்சுது.

மறுநாள் சந்தேகத்துக்கு, சர்வோ டியூப்புல காத்த ஒரே பக்கம் விடுற செக் வால்வ மாத்துனேன். டீச்சர் வந்து கார எடுத்துட்டுப் போனாங்க, ஐயா எஸ்கார்ட்டோட. இருவது நிமிசத்துல போனு.

"மணியண்ணே, கல்லு."

திரும்பி வந்தாங்க. நான் ஓட்டுனா பஞ்சு. அவங்க ஓட்டுனா கல்லு. ஐயா வாச்சப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. "என்ன மணி, என்ன வருத்தம் இதுக்கு?" அவங்க பேச்சுல வருத்தம்னா நோவு.

தெரியலன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இத்தனை வருசம் தொழில் பாத்துட்டு, நடு வாசல்ல நின்னு எப்பிடிச் சொல்றது? "சர்வோ போச்சு ஐயா. சாமான் வர ரெண்டு வாரம் ஆகும்"னுட்டேன்.

சர்வோ போகலன்னு எனக்குத் தெரியும். டெஸ்ட் பண்ணதே நாந்தானே.

"அப்ப நாளைக்கு அவனிட்ட குடுக்கிறதுதான்"னாரு ஐயா. டீச்சர் கைக்குட்டைய எடுத்து ஸ்டேரிங்கத் தொடச்சாங்க. தூசியே இல்ல அதுல. கார மெதுவா உருட்டிக்கிட்டு வீட்டுக்குக் கெளம்புனாங்க.

3. சனிக்கெழமை காலையில

போன் போட்டு, "டீச்சர், நாளைக்கு வெள்ளன வாங்க, இன்னொரு தடவ பாத்துருவோம்"னு சொல்லியிருந்தேன். எட்டு மணிக்கு வந்துட்டாங்க. ஐயாவக் காணோம். தன் வண்டிக்கு பெட்ரோல் ஊத்த வழியில நின்னுட்டாராம்.

"நீங்களே ஓட்டுங்க டீச்சர். நான் பக்கத்துல உக்காந்து வரேன்."

என் தொழில்ல கஸ்டமர் ஓட்டி நான் உக்காந்தது அதான் மொத தடவ. எப்பவும் சாவிய வாங்கி, நான் ஓட்டி, நான் சொல்றதுதான் முடிவு.

கெளம்புனோம். ஒண்ணுமில்ல, பிரேக் பஞ்சு. டீச்சர் கண்ணாடிய ஒரு தடவ பாத்தாங்க. பின்னாடி அண்ணன் கார் இல்ல. ஸ்டேரிங்குக்கு அடியில கை போச்சு. டிக்குனு ஒரு சத்தம்.

அப்புறம் கார் கத்துச்சு பாரு! எஞ்சின் வெடிச்சிருச்சுன்னு கதவப் புடிச்சேன். டீச்சர் சிரிச்சுக்கிட்டு எண்ணெய் பெடல மிதிச்சு வேகம் ஏத்துறாங்க. முன்னாடி செகப்பு லைட்டு, அதுல செம்பனைக் குலை ஏத்துன லோரி நிக்குது.

"மணியண்ணே! கல்லு!"

"ரெண்டு காலாலயும் மிதிங்க டீச்சர்! எந்திரிச்சு மிதிங்க!"

நான் ஹேண்ட் பிரேக்க இழுத்தேன். நின்னுச்சு. லோரில தொங்குன குலையோட முள்ள எண்ணியிருக்கலாம், அவ்ளோ கிட்ட.

மூச்சு வந்ததும் கேட்டேன். "அது என்ன பட்டன் டீச்சர்?"

"எது?"

"இப்ப அமுத்துனீங்களே, அது."

காப்பி அடிச்சு மாட்டுன பிள்ள மாதிரி மூஞ்சி ஆயிருச்சு. "எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு. ஒரு கடையில வச்சேன். இத்தனை வருசம் பிள்ளைங்கள சத்தம் போடாத, சத்தம் போடாதன்னு சொல்லியே காலம் போச்சு, மணியண்ணே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அண்ணை பக்கத்துல நின்னாரே. நீங்களும் கேக்கலையே."

கடைக்கு வந்து எஞ்சின் பின்னாடி கைய விட்டேன். கண்ணுக்குத் தெரியாத எடத்துல, சர்வோ டியூப்ப வெட்டி, டி ஜாயிண்ட் வச்சு, கறுப்பு டேப்பு சுத்தியிருக்கான் அந்தப் பட்டன் வச்ச கடைக்காரன். அதுலேருந்து ஒரு சின்ன டியூப் பின்னாடி எக்ஸாஸ்டுக்குப் போகுது. அங்க ஒரு மூடி, வேக்குவம் அத இழுத்து மூடி வச்சிருக்கும். பட்டன அமுத்துனா ஒரு வால்வு வழியா காத்து போயி, மூடி தொறந்துக்கும், சத்தம் வரும். வால்வு மட்டமான சாமான். மூடிப் பக்கம் மட்டும் விட வேண்டிய காத்த பிரேக் பக்கமும் விட்டுருச்சு. பட்டன் போட்டா சர்வோவுல வேக்குவம் இல்ல. நான் ஓட்டுறப்ப பட்டன யாரு அமுத்துனா?

அதக் கழட்டி எறிஞ்சிட்டு, எக்ஸாஸ்ட் மூடிய கம்பியால இறுக்கி மூடிக் கட்டி, சர்வோவுக்குப் புது டியூப்பு போட்டேன். அப்பத்தான் ஐயா வந்து எறங்குனாரு. டீச்சர் என்னயப் பாத்தாங்க. சொல்லாதீங்கன்னு கண்ணு சொல்லுது. ஆனா பிரேக் விசயத்துல இன்னொரு பொய் சொல்ல நான் தயாரா இல்ல. எல்லாத்தையும் சொல்லிட்டேன், சர்வோ போச்சுன்னு புளுகினது உட்பட.

ஐயா தங்கச்சியத் திட்டுவாருன்னு பாத்தா, என்னயப் பாத்தாரு. "நான்தான் எழுதித் தந்தேனே?"

பேப்பர உருவி டீச்சர்கிட்ட குடுத்தேன். அவங்க வாசிச்சு சொன்னாங்க. மூணாம் நம்பர்ல இருக்கு: மொதல்ல பெரிய சத்தம் கேக்குது, அதுக்கப்புறந்தான் பிரேக் தடுமாறுது. ஐயா கார் பின்தங்குனதும் டீச்சர் பட்டன அமுத்த, தூரத்துலேருந்தே சத்தத்தக் கேட்ட மனுசன் சைலன்சர் ஓட்டைன்னு நெனச்சு எழுதியிருக்காரு. பதில் முழுக்க என் டூல் பாக்ஸு அடியில ரெண்டு நாளா கெடந்திருக்கு.

"இப்ப பிடிக்குமோ?"

"ஏறிப் பாருங்க ஐயா. டீச்சர் ஓட்டட்டும்."

யோசிச்சாரு. அப்புறம் மெதுவா ஏறி உக்காந்தாரு. போனவங்க போனவங்கதான். பதினொரு மணிக்கு பூச்சோங் பையன் வந்து, ஒரு டீ குடிச்சு, ரெண்டாவது டீயும் குடிச்சு, "பாஸ், கார் எங்க?"ன்னு என்னயத் தொளச்சான். பன்னெண்டு ஆகப் போறப்ப வந்தாங்க. கூரைய மடக்கியிருக்கு. ஐயா தலையில இருந்த நாலு மயிரும் நட்டுக்கிட்டு நிக்குது.

"அங்கிள், விக்கிறீங்களா இல்லையா லா?"

ஐயா எறங்காமலே சொன்னாரு. "இல்லைத் தம்பி, பிரேக் நல்லாப் பிடிக்குது."

இப்பல்லாம் யாரு பிரேக்குன்னு வந்தாலும் சாவிய அவங்க கையிலயே குடுத்துட்டு, இடது பக்கம் ஏறி வாய மூடிக்கிட்டு உக்காந்துருவேன். புதுசா ஒர்க்‌ஷாப் தொறக்கிற பசங்களுக்கும் அதையேதான் சொல்றேன். பேப்பர் குடுத்தா, படிக்கத் தெரியாட்டி, யார்கிட்டயாவது குடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க. அந்த ஒரு வார்த்தைய நான் முழுங்குனதுக்கு, ஒரு மனுசி ஆசையா வாங்குன கார் கைமாறிப் போயிருக்கும்.