வண்டி இல்லாத உபைதுல்லா கட்டிய டோல்

டோல்கேட்டில் சண்டை போடாமல் உபைதுல்லா பாய் ஒருநாளும் வண்டியை நகர்த்தியதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன்தான், வேனை விற்ற பிறகு, நாலு மாதம் அடுத்தவன் வண்டிக்கு டோல் கட்டினார். சொன்னால் ஆனையூரில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் சுற்றுலா வேன் ஓட்டியவர். நாலுவழிச் சாலை வந்து, கன்னியாகுமரி ரோட்டில் சாவடிகள் முளைத்த புதிதில், சீட்டுக் கொடுப்பவரிடம் பிரசங்கமே நடத்துவார்.

“ரோடு டாக்ஸ் கட்டுறேன். டீசல் போட்டா அதுலயும் ரோட்டுக்குன்னு புடிக்கிறாங்க. இதுக்கு மேல இது எதுக்குய்யா?”

“ரோடு போட்ட கம்பெனிக்குப் போட்ட பணம் வரணும்ல பாய்?”

“எம்புட்டுப் போட்டான், எம்புட்டு வந்துச்சு? ஒரு போர்டுல எழுதி வைக்கச் சொல்லு. கணக்கு முடிஞ்ச அன்னைக்கு நானே வந்து இந்தக் கட்டையைப் புடுங்கிப் போடுறேன்.”

பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும். பாய் மசியமாட்டார். ஒரு தடவை டோலுக்குப் பயந்து, கல்யாண கோஷ்டியோடு கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போனார். முந்தின நாள் மழை. கரிசலில் நாலு சக்கரமும் இறங்கிவிட்டது. இழுத்துவிட வந்த டிராக்டர்காரர் கேட்டது டோலைப் போல் ஆறு மடங்கு. மாப்பிள்ளையின் சித்தப்பா சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு பாய் சுற்றிப் போகவில்லை. டோலைக் கட்டிவிட்டே சண்டை போட்டார்.

நல்லது ஒன்று இருந்ததையும் சொல்ல வேண்டும். அந்த ரோடு வந்த பிறகுதான் கன்னியாகுமரிக்குப் போய் அன்றைக்கே திரும்ப முடிந்தது. வாரத்துக்கு ஒரு சவாரி கூடியது. மகள் ரோஷனின் கல்யாணமே அந்தச் சவாரிக் காசில்தான் நடந்தது. இதை மனைவி ரூபினாவிடம் மட்டும் ஒருமுறை ஒத்துக்கொண்டார், அதுவும் குரலைத் தாழ்த்தி.

சர்க்கரை கண்ணில் போய் உட்கார்ந்தது. வலது கண் சுத்தமாக மங்கிவிட்டது. டாக்டர் இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். திருநகர் பால்பாண்டி வேனை வாங்கிக்கொண்டான். ஆர்.சி. புத்தகம் பேர் மாறியது, இன்சூரன்ஸ் மாறியது, முன்கண்ணாடியில் ரோஷன் என்ற எழுத்தைச் சுரண்டிவிட்டுப் பாண்டி முனி துணை என்று ஒட்டினான். அந்தக் கண்ணாடியின் நடுவில் இருந்த, டோல் பணத்தைத் தானாகக் கழிக்கிற ஃபாஸ்டேக்கை உரிக்க மட்டும் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. டேக் பாயின் பேரில், பாயின் போன் நம்பரில், பாயின் பணத்தில் அப்படியே இருந்தது.

வேனைக் கொடுத்து ஆறாம் நாள். ஜன்னலோரக் கட்டிலில் பாய் சும்மா கிடந்தார். போன் டிங் என்றது. இடது கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். திருமங்கலத்துப் பக்கச் சாவடியை அவருடைய வண்டி தாண்டியிருக்கிறது, பணம் கழிந்திருக்கிறது. அடப்பாவி என்று எழுந்து உட்கார்ந்தார். பால்பாண்டிக்குப் போன் போடலாம் என்று எண்ணைத் தேடும்போதே மனசு கள்ளிக்குடியைத் தாண்டிவிட்டது.

விருதுநகர் வருகிறது. வெயில் ரோட்டில் தண்ணீராய் நெளிகிறது. கிட்டப் போகப் போக அது தள்ளித் தள்ளிப் போகிறது. இரண்டு பக்கமும் கரிசல் காடு, தூரத்தில் ஒற்றை வேம்பு, நடுத்தடுப்பில் அரளிப் பூ காற்றில் தலையாட்டுகிறது. பின்சீட்டில் யாரோ தூங்கி வழிகிறார்கள். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடியும் டிங். சாத்தூர் தாண்டியாயிற்று. சரியான வேகம், பயல் நல்லாத்தான் ஓட்டுகிறான். கட்டிலில் கால் நீட்டியபடியே பாய் கயத்தாறு போனார், நாங்குநேரி போனார், காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் முகத்தில் உப்புக் காற்று அடித்தது. சத்தியமாக அடித்தது என்பார்.

பால்பாண்டிக்கு அவர் போன் செய்யவே இல்லை. பணம் குறையக் குறைய ரீசார்ஜ் போட்டார். ரீசார்ஜ் நின்றால் டேக் செத்துவிடும், சத்தம் நின்றுவிடும். அந்தச் சத்தம் நின்றால் தனக்கு ரோடே இல்லை என்று அவருக்குத் தெரியும். மிச்சம் இருப்பது இந்த நாலு சுவர்தான். டோல்காரனை இத்தனை வருஷமாக வைதவர், இப்போது டோல் மெசேஜுக்காகத் தவம் கிடந்தார்.

நாலாம் மாதம் ரூபினா பாங்க் புத்தகத்தைப் பார்த்துவிட்டார். வீட்டில் அன்றைக்கு நடந்ததை விவரமாகச் சொல்லத் தேவையில்லை.

“வண்டியே இல்லாத ஆளுக்கு எதுக்குங்க டோலு? யா அல்லா, எவனோ ஓட்டுறதுக்கு நீங்க தண்டம் அழுவீங்களோ? உங்க மருந்துக்கு யாரு குடுப்பா?”

ரூபினாவே பால்பாண்டிக்குப் போன் போட்டார். அவன் பதறிப்போய் மறுநாள் காலையில் ஒரு கவரோடு வந்து நின்றான்.

“எனக்குத் தெரியவே தெரியாது பாய். லோன் குடுத்த பைனான்ஸ்காரன் டேக்கையும் சேர்த்துப் போட்டிருப்பான், டியூல கழியுதுன்னு நெனச்சுட்டேன். கேட்டு தானாத் தொறக்குது, நாம் பாட்டுக்குப் போறேன்.”

கவரை ரூபினா வாங்கி எண்ணிப் பார்த்தார். பாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“அது கெடக்கட்டும் மாப்ள. போன வியாழக்கிழமை சாத்தூருக்கும் கயத்தாறுக்கும் நடுவுல ஒண்ணே முக்கா மணி நேரம் எதுக்கு நின்ன? எனக்கு உசுரே இல்ல.”

பால்பாண்டி முழித்தான். “பின் டயரு பஞ்சர் பாய். ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல. உங்களுக்கு எப்படி…”

“கெளம்புறப்ப ஸ்டெப்னியைத் தட்டிப் பாருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லயா? சரி, கங்கைகொண்டான் பக்கம் மயில் நிக்குமே, இப்பவும் நிக்குதா? நாங்குநேரி தாண்டுனா வண்டி இடதுபக்கம் இழுக்கும், காத்து. கெட்டியாப் புடிச்சுக்க.”

பால்பாண்டி அவர் பக்கத்தில் கிடந்த போனையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ரூபினா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, “வாரேன் பாய்” என்று எழுந்து போனான்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவன் போன் வந்தது.

“பாய், ஒங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க.”

“அதை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு டி.வி.யில கத்துறானே மாப்ள.”

“புது டேக் போடுறேன் பாய். ஒரு வண்டிக்கு ஒரு டேக்குதான், புதுசு ஏறுனா பழசு செத்துரும். சொல்லுங்க.”

ரூபினா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் போனைக் கண்ணருகே கொண்டுபோய், ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தன் ரோட்டைத் தன் வாயாலேயே மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு நாள் போன் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடினால் வழக்கமாக வரும் கரிசலும் வரவில்லை, அரளியும் வரவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. பால்காரரிடம் கூட எரிந்து விழுந்தார். கவரை வாங்கி வைத்த ரூபினாவுக்கு அந்தப் பணத்தைத் தொடக் கை வரவில்லை. மனுஷனைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று ரோஷனிடம் போனில் அழுதார்.

ஐந்தாம் நாள் காலை, ஏழே காலுக்கு டிங்.

ரூபினாதான் முதலில் பாய்ந்து எடுத்தார். அதே வண்டி நம்பர். திருமங்கலத்துப் பக்கச் சாவடி. “மறுபடியுமா?” என்று பாங்குக்கு ஓடாத குறையாகக் கணக்கைத் தட்டிப் பார்த்தார். பாயின் பணம் ஒரு பைசா குறையவில்லை. உடனே பால்பாண்டியை அழைத்தார்.

“காசு என்னோடதுக்கா” என்றான் அவன், வண்டிச் சத்தத்துக்கு நடுவே. “போன் நம்பர் மட்டும் பாயோடதைக் குடுத்தேன். எனக்கெதுக்குக்கா மெசேஜு, நான் ரோட்டுலதான இருக்கேன். ஸ்டெப்னியைத் தட்டிப் பாத்தாச்சுன்னு சொல்லிருங்க.”

ரூபினா திரும்பிப் பார்த்தார். ஸ்பீக்கரில் அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பாய் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது, இரண்டு கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது. இடது கால் தரையில் மெதுவாக அமுங்கி எழுந்தது. கியர் மாற்றுகிறார்.

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி டிங் என்றதும் ரூபினா டீயோடு வந்தார்.

“சாத்தூர் தாண்டிருச்சு. வண்டிய ஓரமா நிப்பாட்டிட்டு இதைக் குடிங்க” என்றார்.