ஹீட்டருக்கு மேல் மாட்டிய கிட்டார்

கதவுக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். கதவும் ஜன்னலும் செய்தே காலத்தை ஓட்டியவர். பேத்தி பிறந்ததிலிருந்து பட்டறைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. தொட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தார்.

தொட்டிலுக்கு இடம் வேண்டுமென்று மகளின் கிட்டாரைச் சுவரில் ஆணியடித்து மாட்டியவரும் அவர்தான். நேர்கீழே ஹீட்டர். குளிர்காலம், பச்சைக் குழந்தை. ஹீட்டர் ஓயாமல் ஓடியது.

பிரசவத்துக்குப் பிறகு மகள் முதன்முதலாகக் கிட்டாரை எடுத்தபோது முன்பலகையில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல்.

"வயித்துல இருக்கும்போது இதைக் கேட்டாத்தான்பா உதைப்பா. வெளியே வந்ததும் வாசிச்சுக் காட்டணும்னு இருந்தேன்" என்றாள். அவள் முகம் வாடிவிட்டது.

"கொடு இப்படி. கதவுல பார்க்காத விரிசலா?"

மரத்தூளையும் பசையையும் கிண்ணத்தில் குழைத்தார்.

"மாமா, இது கதவு இல்லையே" என்றார் மருமகன்.

"மரம் மரம்தான் மாப்பிள்ளை. ஒரு ஆணி அடிக்கவே ஆளைக் கூப்பிடுறவரு நீங்க, சும்மா இருங்க."

கத்தி நுனியில் பசையை எடுத்துவிட்டார். அதற்குள் குளியலறைக் கதவு கிறீச்சென்று தரையைத் தேய்த்தது. உள்ளிருந்து மனைவி, "ஊருக்கெல்லாம் கதவு இழைக்கிறவருக்கு இது மட்டும் கண்ணுல படாது" என்றாள்.

கை அப்படியே நின்றது. அந்தக் கதவு ஈரத்தில் ஊறிப் பருத்த கதவு. இந்தப் பலகையோ சூட்டில் காய்ந்து சுருங்கியது. இப்போது பிளவை அடைத்துவிட்டால், மழை வந்து பலகை பருக்கும்போது அதற்கு இடமிருக்காது. பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும்.

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். தந்திகளைத் தளர்த்தி, பேத்தியின் ஈரத்துணிகள் காயும் அறையில் கிட்டாரைத் தொங்கவிட்டார். காலையும் மாலையும் விரலால் தடவிப் பார்த்தார். விரிசல் மெல்ல மெல்லத் தானே வாயை மூடிக்கொண்டது.

அதன் பிறகே பசையைத் தேய்த்து இறக்கினார். உள்பக்கம் சின்னச் சின்ன மரச்சில்லுகளை ஒட்டினால்தான் விரிசல் மறுபடி திறக்காது. ஆனால் நடுவிலிருந்த வட்ட ஓட்டையில் அவருடைய முரட்டுக் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. மருமகனின் ஒல்லிக் கை முழங்கைவரை சுலபமாகப் போனது.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். அதேதான். பசை பிடிக்கிறவரைக்கும் அமுக்கிக்கிட்டே இருங்க."

தொட்டிலில் அழுகை கிளம்பியது.

"மாமா, பாப்பா அழறா."

"நீங்க கையை எடுத்துடாதீங்க, நான் பார்த்துக்கிறேன்." இதற்காகவே காத்திருந்தவர்போல ஓடினார்.

பசை நன்றாகக் காய்ந்த பிறகு மகள் தந்திகளை முறுக்கினாள். பலகையில் மெல்லிய கோடு மட்டும் மிச்சம். அவள் மீட்டியபோது பேத்தி கதவுக்காரரின் மடியில் இருந்தாள். கொட்டக் கொட்ட விழித்தாள். அப்புறம் அவர் தொப்பையில் ஒரு உதை விட்டாள்.

மகள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"நிறுத்தாதேம்மா, வாசி" என்றார் அவர். "இன்னொரு உதை வாங்கிக்கிறேன்."