கப்பல் சறுக்கில் நல்லெண்ணெய்

பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் சங்கரபாண்டியன் அண்ணாச்சி பொய் சொல்கிறார். கப்பலில் நான் அவரைச் சறுக்கில் தள்ளிவிட்டுக் கொல்லப் பார்த்தேன் என்று கல்யாண வீடு, டீக்கடை, தென்காசி கோவில் வாசல் என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிகிறார். சும்மா சொன்னால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். குற்றாலம் பக்கத்தில் ஒரு வாட்டர் பார்க் வருகிறது. அதில் ரைடு சூப்பர்வைசர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டுப் பேசி முடித்திருந்தார்கள். அண்ணாச்சி அதில் ஒரு பங்குதாரர். "அந்தப் பிள்ளயா? வேண்டவே வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதோடு என் வேலை அந்தரத்தில் தொங்குகிறது.

என் பெயர் மாரியம்மாள். தென்காசி பக்கத்து மேலகரத்துக்காரி. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஒரு பெரிய சொகுசுக் கப்பலில் ரைடு ஆபரேட்டராகப் பல வருடம் வேலை பார்த்தேன். இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அண்ணாச்சியும் படிக்கட்டும்.

1. தரை விலகும் பெட்டி

கப்பலில் என்ன ரைடு இருக்கப்போகிறது என்று ஊரில் கேட்பார்கள். எல்லாம் இருக்கிறது. மேல்தளத்தில் ரோலர் கோஸ்டர் ஓடும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஜிப்லைனில் ஆட்கள் கத்திக்கொண்டே போவார்கள். எனக்குக் கிடைத்தது டிராப் ஸ்லைடு. ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டிக்குள் பயணி நிற்பார். நான் பட்டனை அழுத்தினால் காலுக்குக் கீழே தரை விலகும். ஆள் நேராகக் குழாய்க்குள் விழுவார். குழாய் கப்பலின் பக்கச் சுவரைத் தாண்டி வெளியே போய் வளையும். அந்த இடத்தில் குழாயே கண்ணாடி மாதிரி. கீழே பார்த்தால் கடல். அதைப் பார்த்துக் கத்தி முடிப்பதற்குள் மறுபடி கப்பலுக்குள் வந்து, 'ரன்-அவுட்' என்கிற நீளமான தண்ணீர்த் தொட்டியில் வேகம் குறைந்து நிற்பார்.

எங்கள் கப்பலில் ஒரு வழக்கம். காலையில் முதல் பயணி ஏறுவதற்கு முன் ஆபரேட்டர்தான் முதலில் விழ வேண்டும். டெஸ்ட் ரைடு. முதல் நாள் பெட்டிக்குள் போய் நின்றேன். எங்கள் சூப்பர்வைசர் ரிக்கோ, பிலிப்பைன்ஸ்காரர், 'ஒன், டூ' என்று எண்ணினார். மூன்றுக்குக் காத்திருந்தேன். இரண்டிலேயே தரை போய்விட்டது. மூன்று சொல்லவே மாட்டோம். அதுதான் இந்தத் தொழிலின் குறும்பு. வயிறு மேலே நின்றுவிட்டது, நான் மட்டும் கீழே போனேன். கடல் தலைக்கு மேலே இருந்ததா காலுக்குக் கீழே இருந்ததா, இன்றைக்கும் தெரியாது. தொட்டியில் வந்து விழுந்ததும் எழுந்து நிற்க முடியாமல் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்றும் தெரியாது. மேலே ஓடிப்போய், டெஸ்ட் சரியாக வரவில்லை, இன்னொரு தடவை போகிறேன் என்றேன். ரிக்கோ நம்பவில்லை, ஆனால் விட்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கடலைத் தலைகீழாகப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பேன். அப்படி ஒரு வேலை உலகத்தில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறது?

2. சாமி செயினும் சன்ஸ்கிரீனும்

ஒரு சனிக்கிழமை அண்ணாச்சி வந்தார். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், அப்பா அம்மாவைக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தான். அண்ணாச்சி டவுசரோடு, வெறும் மேலோடு படியேறி வந்து என் பெயர் அட்டையைப் பார்த்தார்.

"மாரியம்மாளா? எந்த ஊரும்மா?"

"மேலகரம் அண்ணாச்சி."

"அட, நம்ம பிள்ள. பொறவு என்ன, கதவத் தொற."

"கழுத்துச் செயினக் கழட்டணும் அண்ணாச்சி."

"சாமி செயினும்மா இது."

"சாமி கீழ இருந்து பாக்கட்டும். கழட்டுங்க."

முனகிக்கொண்டே கழற்றினார். அப்போதுதான் கவனித்தேன், ஆள் தலையிலிருந்து கால்வரை மினுமினுவென்று இருந்தார். மேல்தளத்தில் எல்லாருமே மினுங்குவார்கள். வெயிலுக்காக வெள்ளைக்காரர்கள் சன்ஸ்கிரீனை அப்பிக்கொண்டுதான் வருவார்கள். அடிக்கிற காற்றில் எந்த வாசமும் மூக்குக்கு எட்டாது. ஆனாலும் நம் ஊர்க்காரர் என்பதால் கேட்டேன்.

"மேலெல்லாம் இப்படி மினுங்குதே, எண்ணெய் தேச்சிருக்கியளா?"

"எண்ணெயா? கப்பல்ல ஏதும்மா எண்ணெய்? சன்ஸ்கிரீன். மகன் வாங்கிக் குடுத்தான்."

இதுதான் அவர் சொன்னது. நான் கேட்டேன், அவர் இல்லை என்றார். இதைப் படிக்கிறவர்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் நிறுத்தினேன். "கையை நெஞ்சுல குறுக்கே கட்டுங்க. கால ரெண்டையும் பின்னிக்கிடுங்க."

"பாடையில கெடத்துத மாதிரில்லா இருக்கு."

"நின்னுக்கிட்டுத்தான போறிய, பயப்படாதிய."

"யாரு, நானா? அஞ்சருவியில தலயக் குடுத்தவன் நான். எண்ணிச் சொல்லுவியால்லா?"

"சொல்லுதேன். ஒண்ணு. ரெண்டு."

அண்ணாச்சி இல்லை.

3. நிற்காமல் போனவர்

எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். குழாய்க்குள்ளிருந்து வரும் அலறலை வைத்தே ஆள் எங்கே போகிறார் என்று சொல்லிவிடுவேன். அண்ணாச்சியின் அலறல் எனக்குப் பிடிபடவில்லை. கடலுக்கு மேல் கேட்க வேண்டிய நேரத்தில் கீழே கேட்டது. ரன்-அவுட்டில் நின்ற கொல்லத்துக்காரி பிந்து ரேடியோவில் வந்தாள்.

"மாரி, நின்டெ நாட்டுக்காரன் வந்நு. பட்சே நிக்குந்நில்ல."

வந்துவிட்டார், ஆனால் நிற்கவில்லை. ஸ்டாப் பட்டனைத் தட்டி, வாசலை அடைத்துவிட்டுக் கீழே ஓடினேன்.

பாதித் தொட்டியில் நிற்க வேண்டிய ஆள் முழுத் தொட்டியையும் தாண்டி, முனையில் இருந்த ரப்பர் மெத்தையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, நனைந்த தளத்தில் குப்புற வழுக்கிக்கொண்டே போயிருக்கிறார். ஐஸ்கிரீமுக்கு நின்ற வரிசை இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. கடைசியில் துண்டுகள் அடுக்கிய தள்ளுவண்டியில் மோதினார். துண்டெல்லாம் அவர் மேல் சரிந்தது.

எனக்கு உயிரே இல்லை. துண்டுக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. பிறகு தலை வந்தது. அண்ணாச்சி தூரத்தில் நின்ற தன் வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கால் பெருவிரல் நகம் மட்டும் கொஞ்சம் பெயர்ந்திருந்தது.

"ஏ பேச்சியம்மா, பாத்தியா? மெயினருவி, அஞ்சருவி எல்லாம் இதுக்கு முன்ன ஒண்ணுமேயில்ல. ஏம்மா மாரி, இன்னொரு வாட்டி விடுதியா?"

நான் கொல்லப் பார்த்தேன் என்கிறாரே, அந்த மனிதர் எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை இது. என்னாலும் அடக்க முடியவில்லை. பிந்து ரேடியோவைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐஸ்கிரீம் வரிசை கைதட்டியது. அண்ணாச்சி கும்பிடு போட்டார்.

அப்போதுதான் துண்டுகளைப் பார்த்தேன். வெள்ளைத் துண்டெல்லாம் மஞ்சள் பிசுக்கு.

4. பேச்சியம்மாள் மதினியின் கிண்ணம்

தோலும் தண்ணீரும் சறுக்கும் எவ்வளவு உரசும் என்று பார்த்துத்தான் அந்தக் குழாயைக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் எண்ணெய் வந்தால் எல்லாம் போச்சு. அடுத்து வருகிறவரும் அதே வேகத்தில் போவார். அவருக்குத் துண்டு வண்டி காத்திருக்குமா? தண்ணீரை முழுக்க வடித்து, குழாயைக் கழுவி முடிக்கும் வரை ஸ்லைடு மூடல். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். எதனால் மூடினீர்கள், யாரால் மூடினீர்கள் என்று கேட்டார்கள்.

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது. ரிக்கோ வந்து என்ன நடந்தது என்று அவரிடமே கேட்டார். அண்ணாச்சிக்குத் தமிழ் மட்டும்தான். ரிக்கோவுக்குத் தமிழ் தெரியாது. அங்கே மொழிபெயர்க்க இருந்தது நான் ஒருத்திதான்.

"இந்தப் பிள்ளதான் பிடிச்சுத் தள்ளிட்டு. நான் ஒண்ணுஞ் செய்யல. சொல்லும்மா அவர்ட்ட."

என் மேல் சொன்ன புகாரை நானே இங்கிலீஷில் சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற ஆளை எப்படித் தள்ளுவது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரிக்கோவின் முகம் இறுகிவிட்டது. பயணி அடிபட்டால் ஆபரேட்டரை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது பேச்சியம்மாள் மதினி வந்தார். அண்ணாச்சியின் வீட்டுக்காரி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

"நீங்க என்ன இப்படிப் பேசுதிய? அந்தப் பிள்ள என்ன செஞ்சுது? ஏட்டி மாரி, நான் சொல்லுதேன் கேளு. சனிக்கெழமயும் அதுவுமா தலையில தண்ணி விழுதுன்னா எண்ணெய் வைக்காம எப்படிப் போறதுன்னு கேட்டாவ. நல்லெண்ண ஊர்லயிருந்தே கொண்டுவந்தாவ. முதுகுல நான்தான் தேச்சுவிட்டேன். கீழ வந்ததும் தேச்சுக் குளிக்க சீயக்காயக் கொழச்சு வச்சுக்கிட்டு இங்கனதான் நிக்கேன்."

"நீ சும்மா இருட்டி."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? ஒரு பிள்ள பொழப்பக் கெடுக்கவா கப்பல் ஏறி வந்தோம்?"

இதை நான் மொழிபெயர்த்தால் என் பக்கம் சாய்த்துச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். தேவைப்படவில்லை. மதினி கிண்ணத்தை ரிக்கோவின் மூக்குக்கு நேரே நீட்டினார். பைக்குள்ளிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலையும் எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். பிறகு அண்ணாச்சியின் கையை எடுத்து, ரிக்கோவின் விரலை அதில் வைத்து ஒரு இழு இழுத்தார். விரல் வழுக்கிக்கொண்டு முழங்கையில் போய் நின்றது. ரிக்கோ தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

5. குற்றாலம் செக்

மறுநாளிலிருந்து புது விதி வந்தது. பெட்டிக்குள் ஏறும் முன் ஒவ்வொருவரின் முன்கையிலும் டிஷ்யூ தாளை ஒற்றிப் பார்க்க வேண்டும். தாளில் எண்ணெய்க் கறை விழுந்தால், குளித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்ப வேண்டும். அண்ணாச்சி எந்த ஊர் என்று ரிக்கோ என்னிடம் கேட்டிருந்தார். அருவியை விளக்குவது எளிது என்று குற்றாலம் என்றேன். அந்தப் பெயரையே விதிக்கு வைத்துவிட்டார். தினமும் ரேடியோவில் எந்தெந்த நாட்டுக்காரர்களோ 'குற்றாலம் செக் ஓகே' என்பார்கள். கடலுக்கு மேல் அதைக் கேட்கும்போது எனக்குத் தரை விலகுவது மாதிரியே இருக்கும்.

ரைடு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பயணி சொல்வதைக் கேள், ஆனால் தோலைத் தொட்டுப் பார். ஊர்க்காரர், அண்ணாச்சி, மாமா யாராக இருந்தாலும் தொட்டுப் பார்.

6. அண்ணாச்சிக்கு

இப்போது வாட்டர் பார்க் வருவது குற்றாலத்தில். சீசனில் இங்கே எண்ணெய் தேய்க்காமல் தண்ணீரில் நிற்கிறவர் எத்தனை பேர்? அருவியில் நின்றுவிட்டு, அதே எண்ணெயோடு நேராக உங்கள் சறுக்குக்குத்தான் வருவார்கள். கப்பலில் ஒருவர் செய்ததை இங்கே ஊரே செய்யும். அங்கே நடந்தது எண்ணெயால் என்று சொல்லாமல் என்னால் என்று சொன்னால், இந்தப் பார்க்கில் யாரும் யார் கையையும் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. ஊர் சிரிக்கும் என்று பயந்து நீங்கள் சொல்கிற பொய்யில் என் வேலை மட்டும் போகாது, ஒருத்தர் மண்டையும் உடையும்.

அன்றைக்குத் துண்டுக் குவியலிலிருந்து எழுந்து சிரித்தீர்களே, அந்தச் சிரிப்புக்கு ஊரே உங்களோடு சேர்ந்து சிரிக்கும். அதில் என்ன கேவலம் அண்ணாச்சி?

என் காதில் வந்து சொல்ல வேண்டாம். ஆள் விட்டுச் சமாதானம் பேச வேண்டாம். பாவூர்சத்திரம் சந்தையில், உங்கள் கடை வாசலில், விவசாயிகளும் லோடுமேன்களும் கேட்கச் சத்தமாகச் சொல்லுங்கள். அன்றைக்கு எண்ணெய் தேய்த்திருந்தீர்களா, இல்லையா? பேச்சியம்மாள் மதினியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்லுங்கள்.