குடைக்குள் விழும் சிலந்திகள்

ரேணுகாதேவி குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்துக்கொண்டு புளியங்கிளையைத் தடியால் தட்டுகிறாள். தூசியும் பூவும் எறும்புமாகக் குடைக்குள் கொட்டுகின்றன. நடுவே ஓடும் சிலந்திகளை மட்டும் குப்பியில் பிடிக்கிறாள். விறகோடு வந்த கெங்கம்மாள் நின்றுவிட்டாள்.

"இன்னாடி, ஊரே வெயிலுக்குக் கொட புடிக்குது, நீ பூச்சிக்குப் புடிக்கிற?"

"அதுங்களுக்கும் வெயிலு சுடுதாம் அத்தே."

ரேணுகா ஜவ்வாது மலையின் புதூர்நாட்டுப் பெண். சிலந்திகளைப் படித்துப் பட்டம் வாங்கியவள். திருப்பத்தூர் சந்தையில் வாழைப்பழம் வாங்கினால், "நல்லது வேணாங்க, அழுவுனது குடுங்க" என்பாள். அதில் மொய்க்கும் ஈக்கள்தான் அவள் வளர்க்கும் சிலந்திகளுக்குச் சாப்பாடு.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் ஜவ்வாது மலையில் பிடித்த சிலந்திக்குப் பெயர் வைத்தார். பெயருக்கு ஆதாரமான அந்த மூலச் சிலந்தி எங்கோ தொலைந்துபோனது. ஒரு படமும் சில வரிகளும்தான் மிச்சம். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு சிலந்தியைக் காட்டி அதே பெயரைச் சொன்னார்கள். எது உண்மையில் அது? இதே மலையில், படத்தோடு பொருந்தும் சிலந்தி கிடைத்தால் அந்தப் பெயர் நிலைக்கும். பொருந்தாவிட்டால் அது புது இனம். அப்போது அதற்குப் பெயர் வைப்பவள் ரேணுகா.

அவளுடைய அண்ணன் அருணகிரி ஜீப் ஓட்டுகிறவன். "எந்தங்கச்சி நம்ம ஊரு பேரையே வெக்கப் போறா" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று.

குடையில் விழுந்தவற்றில் அவள் தேடிய சாயலில் இருந்தது ஒரு குஞ்சுதான். கடைசித் தோலை உரித்த பிறகுதான் பெண் சிலந்தியின் அடிவயிற்றில் இனத்தைக் காட்டும் அடையாளம் தெளியும். ஊறுகாய் பாட்டிலில் வைத்து மாதக்கணக்கில் வளர்த்தாள். தோல் உரிக்கும் நாட்களில் வீட்டில் மிக்சி ஓடக்கூடாது. அதிர்வில் கால் முறிந்துவிடுமாம்.

உரித்தது. பழைய படத்தைப் பக்கத்தில் விரித்து, நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தாள்.

"அதேதாண்ணா. பழைய பேருதான்."

அருணகிரியின் முகம் வாடியது. "அந்தாளு புடிச்ச சிலந்திதான் தொலைஞ்சிபோச்சே. புதுசுன்னு எழுதிட்டா எவன் வந்து கேக்கப் போறான்?"

"நாளைக்கு வர்றவன் ஒரே பூச்சிக்கு ரெண்டு பேரை வச்சிக்கினு அல்லாடுவான்."

"மூணு வருசமா மரம் மரமா ஏறி எறங்கினியே, ரேணு..."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அண்ணனை அதில் உட்காரவைத்து, அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு, அவன் தலையை மெல்ல நுண்ணோக்கியின் மேல் குனியவைத்தாள்.