ஆப்பில் அவர் நிற்கும் இடம்

எங்கள் குற்றாலம் பழக்கடைக்கு மகள் ஒரு ஆப் செய்கிறாள். முதல் பக்கத்தில், போன மாசியில் தவறிப்போன அவள் அப்பாவின் படம்.

இன்று காலையில் என் போனில் போட்டுக் காட்டினாள். அவர் இடது ஓரமாக ஒட்டி நின்றார்.

“படத்தோட ஒரு பக்கத்த மட்டும் திரை ஓரத்தோட கட்டிட்டேம்மா. அந்தப் பக்கத்தையும் கட்டுனா, ரெண்டும் சமமா இழுத்து நடுவுல நிப்பாட்டிரும்” என்றாள்.

கட்டினாள். அவர் நடுவில் வந்து நின்றார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எங்கே போட்டோ எடுத்தாலும் அவர் ஓரமாகத்தான் நிற்பார். நான் கொண்டையை முடிந்துகொண்டே கடைசி ஆளாக ஓடி வருவேன். “ஏட்டி, வா, இங்கன எடம் கெடக்கு” என்பார்.

“அந்தக் கட்ட அவுத்து விட்டுரு தாயி.”

“ஏம்மா, பாக்குதவங்க எனக்கு வேல தெரியலன்னு சிரிப்பாவ.”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவ.”

முறைத்துக்கொண்டே அவிழ்த்துவிட்டாள். அவர் பழையபடி ஓரத்துக்குப் போனார். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறது.

ஆப் நாளைக்கு வருகிறது. படம் ஏன் ஓரமாக இருக்கிறது என்று மகளைக் குறை சொல்லாதீர்கள். என்னைக் கேளுங்கள். அவரைப் பற்றிப் பேச எனக்கும் ஆள் வேண்டுமே.