அத்தை ஜெல்லி காய்ச்சிய நாள்

யுத்தம் முடிந்த மறுவருடம், வரதராஜன்பேட்டையில் எங்கள் வீட்டில் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. மணப்பெண் என் அத்தை, அப்பாவின் தங்கை. அவளுக்கு அது இரண்டாவது கல்யாணம். பட்டாளத்துக்குப் போன மாமா பர்மாவில் இறந்துவிட்டதாகக் கூடப் போனவர்கள் வந்து சொல்ல, அவர் ஆத்துமாவுக்காகப் பூசையும் வைத்தாயிற்று. அப்பாவுக்குப் பழக்கமான வாத்தியார் ஒருவர், மனைவியை இழந்தவர், அத்தையைக் கட்டிக்கொள்ள முன்வந்தார். கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலையும் வாசித்துவிட்டார்கள்.

கன்னியர் மடத்தில் தங்கிப் படித்த அத்தைக்குக் கொய்யாப்பழ ஜெல்லி காய்ச்சத் தெரியும். ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்து, அன்று கல்யாணத்துக்காக அடுப்பில் ஏற்றியிருந்தாள். தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளிப் பார்ப்பது என் வேலை. சுருங்கினால் பதம், ஓடினால் இன்னும் கொதிக்க வேண்டும்.

“ஒறைஞ்சிருச்சா?”

“இன்னும் இல்ல அத்தே.”

அவள் பாடிக்கொண்டே கிண்டினாள். அத்தை பாடி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

கொல்லை வாசலில் ஒட்டிய கன்னத்தோடு ஒருவர் வந்து நின்று அத்தையைப் பேர்சொல்லி அழைத்தார். மாமாதான். அத்தை அழவில்லை, நகரவுமில்லை. கையில் பிடித்த கரண்டி அப்படியே இருந்தது.

சத்தம் கேட்டு வந்த அம்மா, “வாங்கண்ணே” என்றாள். பிறகு என்னிடம் மெதுவாக, “அத்தை ஒறைஞ்சு போயி நிக்கிறா பாரு. கையப் புடிச்சு உக்கார வையி” என்றாள்.

தயிரும் ஜெல்லியும் உறையும் என்று தெரியும். மனுஷர் உறைவதை அன்றுதான் கேள்விப்பட்டேன். தொட்டுப் பார்த்தேன். அடுப்படியிலேயே நின்றவளின் கை சில்லென்றிருந்தது. சட்டியில் பாகு அடிப்பிடித்துக் கருகியது.

மாமா தண்ணீர் கேட்டார். அத்தை மொண்டு கொடுத்தாள். “எளைச்சிட்டீங்க” என்றாள். செத்தவர் திரும்பி வந்திருக்கிறார், ஒருத்தரும் சிரிக்கவில்லையே என்று எனக்குக் கோபமாக வந்தது.

வயலிலிருந்து வந்த அப்பா மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு சாப்பிடாமலே சைக்கிளை எடுத்தார். கறி வாங்கத்தான் போகிறார் என்று பையோடு பின்னால் ஓடினேன். “வேணாம் பாப்பா” என்று சொல்லிவிட்டு, வாத்தியார் வீட்டுத் தெருவில் திரும்பினார்.

“விருந்துக்கு வாத்தியாரையும் கூப்புடப் போறாரும்மா” என்று உள்ளே வந்து உரக்கச் சொன்னேன்.

அத்தை சட்டென்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா வந்துவிட்ட வெட்கம் என்றே நினைத்தேன்.