எலி ஊசி

என் அம்மாவுக்கு நான் டாக்டர். பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். நான் டாக்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவப் போனவள். எழுபதுகளின் கடைசி அது. தீனி வைப்பது, தண்ணீர்ப் புட்டி மாற்றுவது, மூத்திரத்தில் ஊறிய மரத்தூளை அள்ளிக் கொட்டுவது, இவ்வளவுதான் என் வைத்தியம். சனிக்கிழமை ஊருக்குப் போனால் அம்மா என் கையை மோந்து பார்த்து, "இன்னாடி, டாக்டருங்கல்லாம் இப்டித்தான் நாறுவாங்களா?" என்பாள். அவள் கையில் இறால் கவிச்சி, என் கையில் எலி நாற்றம். நல்ல ஜோடி!

சர்க்கரை நோய் காதைக் கெடுக்குமா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. சில எலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டு நகர முடியாத அளவுக்குப் பருக்க வைத்தார்கள். மற்ற எலிகளுக்கு ஓர் ஊசி. வயிற்றுக்குள் இன்சுலின் சுரக்கிற செல்களை அது கொன்றுவிடும். இரண்டு மூன்று நாளில் நல்ல எலி சர்க்கரை எலியாகிவிடும். அதற்கப்புறம் அவ்வப்போது ஒரு சின்ன மணியை அடித்து, காது மடல் துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால் அந்த அறையில் யாரும் வாய் திறந்து பேசக்கூடாது. செருப்பைக்கூட வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. "எலிங்களுக்குக்கூட சக்கர நோவு கீது, ஊசி போடறாங்க" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சொல்லித் தொலைத்திருந்தேன். அவள் அதை நோய் தீரப் போடுகிற ஊசி என்று எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? நோய் வரட்டும் என்று எவனாவது ஊசி போடுவானா? ஒவ்வொரு திங்கட்கிழமையும் தூக்குவாளியில் வறுத்த இறாலைக் கொடுத்து, "உங்க டாக்டரம்மாவாண்ட குடு. அந்த ஊசில ஒண்ணு எனக்கும் கேளு" என்பாள். ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா இறாலைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். ஊசி விஷயத்தை நான் அவரிடம் வாய் திறந்து சொன்னதில்லை, சொல்ல என்ன இருக்கிறது?

அவளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது வெகுநாள் வரைக்கும் எங்கள் யாருக்கும் தெரியாது. அதற்கு அவள் தொழில்தான் காரணம். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போடும் பறிக்கூடையை அதன் ஓலைப்பிடியில் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். வாயில் பறி இருந்தால் பேச்சு ஏது? கரைக்குப் போகலாம் என்றால் ஒருத்தி தண்ணீரில் படபடவென்று அறைவாள், மற்றவர்கள் எழுந்துகொள்வார்கள். அறைந்த அதிர்வு தண்ணீர் வழியே அம்மாவின் உடம்பில் தெரிந்தது, எழுந்துகொண்டாள். காது கேட்டுத்தான் எழுந்திருக்கிறாள் என்று எல்லோரும் இருந்துவிட்டோம். ஒருநாள் வீட்டில் அவள் முதுகுக்குப் பின்னால் அலுமினியக் குண்டான் விழுந்து உருண்டது. அவள் திரும்பவில்லை. மணிச்சத்தத்துக்குக் காது துடிக்காத எலிகளைத் தினமும் பார்த்தவள் நான். 

டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். எலியின் உள்காதுச் செல்கள் வரிசையாக இருந்தன, நடுநடுவே பல் விழுந்த வாய்போல ஓட்டை. "இது செத்தா திரும்ப முளைக்காதும்மா. அம்மாவோட காதை விடு, காலைப் பாரு" என்றார். அம்மாவின் காலில் அப்போது கிளிஞ்சல் கிழித்த புண் ஒன்று ஆறாமல் கிடந்ததையும் அவரிடம் சொல்லியிருந்தேன். அவரே பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அம்மாவை அழைத்து வந்தேன். மாத்திரை போதாது, இனி இன்சுலின் ஊசிதான் என்றார்கள். நான் கையால் ஊசி போடுவதுபோலக் காட்டியதும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "வந்துச்சா எலி ஊசி!" என்று வார்டு அதிரக் கத்தினாள். என் அறையில் தங்கவைத்து, பகலில் தனியே விட முடியாமல் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கு ஒரு கூட்டம் எலிகளுக்கு ஊசி. துள்ளிக்கொண்டிருந்த எலிகள், அடையாளத்துக்கு முதுகில் மஞ்சள் மை. அம்மா ஓரமாக நின்று கை கூப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாள் கழித்து, ஊருக்குத் திரும்புவதற்கு முன் எலிகளை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றாள். அதே மஞ்சள் முதுகுகள். ஆனால் இப்போது முடி சிலிர்த்து, புட்டியை விடாமல் நக்கிக்கொண்டு, கூண்டெல்லாம் ஈரம். அம்மா குனிந்து பார்த்தாள். என் கையைப் பிடித்தாள். "ஏ, இது என் தாகம்டி" என்றாள். "நல்லாத்தான இருந்துதுங்க? ஊசி போட்டு இப்டி ஆக்கிட்டீங்களா?"

இது வேறு ஊசி, உனக்குப் போடுவது வேறு என்று அந்த இடத்திலேயே கத்த வேண்டும். கத்தினால்தான் அவளுக்குக் கேட்கும், அங்கே கத்தக்கூடாது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து தொண்டை கிழியக் கத்தினேன். ஊரே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் "ஆங், ஆங்" என்று தலையாட்டினாள். காது கேளாதவர்கள் நம்மை வாயடைக்க ஆட்டுகிற தலையாட்டல் அது. பஸ் திருப்பாலைவனம் ஊரைத் தாண்டும்வரை என் முகத்தையே அவள் பார்க்கவில்லை.

வீட்டில் ஊசியை எடுத்தாலே கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். மருந்து கெடாமல் இருக்க, டவுனில் இறால் வாங்கும் பாயின் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். பாவம், அவரும் வந்து வானத்தைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, என்னென்னவோ ஜாடை செய்தார். "பாய்க்கு இன்னா, அவரு தொழுவறாரு" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பும் வந்தது, சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. புண் கறுத்துக்கொண்டே வந்தது. எழுதிக் காட்ட அவளுக்குப் படிப்பும் இல்லை.

கடைசியாக எனக்கு ஒரு யோசனை. நானே போட்டுக்கொண்டு காட்டினால் நம்புவாளே! சிரிஞ்சில் ஆறிய வெந்நீரை மட்டும் இழுத்து, அவள் எதிரே உட்கார்ந்து, "பாரு, ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தபடி என் கையில் ஊசியை வைத்தேன்.

அம்மா அலறினாள். பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சேறு தடவித் தடவி இரும்பான கை, அசைக்க முடியவில்லை.

"அய்யோ, இன்னாடி பண்ற! வாழப்போற பொண்ணுடி நீ! உனக்கு இன்னாத்துக்கு இந்த நோவு? எனக்குத்தான் வந்துடுச்சே, இன்னும் கொஞ்சம் வந்தா இன்னா? எனக்கே போடு. போடுடி!"

சேலையை விலக்கிக் கையை நீட்டினாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு. நான் அழுதுகொண்டே சிரிஞ்சை மறுபடி கொதிக்கவைத்து, இன்சுலினை இழுத்துப் போட்டேன். போட்டு முடித்ததும் என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, "இனி நீ போட்டுக்க மாட்டேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். அது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

அதன்பிறகு ஒருநாளும் மறுக்கவில்லை. நான் இல்லாத நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் தானே நடந்து போவாள். தாகம் குறைந்தது, முகம் தெளிந்தது. "பாத்தியா, இந்த வெசம் என்னிய ஒண்ணும் பண்ணல. கெட்டி ஒடம்புடி எனக்கு" என்று பெருமை அடித்துக்கொள்வாள். சனிக்கிழமை நான் போய் இறங்கியதும் முதல் வேலையாக என் ரவிக்கைக் கையை மேலே தள்ளி, ஊசித் தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

கால் புண் மட்டும் கைமீறிப்போய்விட்டது. நாங்கள் ஊசியைத் தொடங்கும்போதே அது தாமதம். மறுவருஷம் மழைக்காலத்தில் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்தும் புண்ணின் விஷம் ஏறிக்கொண்டே இருந்தது. அம்மா யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தாள். கட்டிலை ஒட்டி ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் ஊசியோடு நான் இருந்த பக்கமாக வந்தாள். அம்மா கண்ணைத் திறந்தாள். நர்ஸையும் ஊசியையும் என்னையும் பார்த்தாள். தலையைத் தூக்கவே தெம்பில்லாதவள், எங்கிருந்துதான் வந்ததோ, என் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி, ஊசி பிடித்திருந்த நர்ஸின் விரலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.